வாத்தியார் ப்ளக், டாக்டர் ப்ளக்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் ரோட்டில், இரண்டு பக்கமும் மக்காச்சோளம் நிற்கிற ஓர் இடத்தில், நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறேன். எதிரே பேச்சு மூச்சில்லாமல் ஒரு பழைய மோட்டார் சைக்கிள். சூடு ஆறுகிற இன்ஜினிலிருந்து 'டிக்... டிக்...' என்று சத்தம் வருகிறது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி. அதற்குள் கயிறு, சோப்பு, மருந்துப் பெட்டி. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ஒவ்வொன்றும் கடக்கும்போது எங்கள் மேல் ஒரு பூச்சு வெள்ளையடித்துவிட்டுப் போகிறது.

எங்கள் என்றால், நானும் என் வீட்டுக்காரரும்.

"காத்து இறங்கிருச்சோ?" என்றார் அவர்.

வண்டி நின்றால் அவருக்குத் தெரிந்த ஒரே காரணம் அதுதான். நான் ஸ்பேனரை மாட்டி ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றினேன். கை சுட்டது. துப்பட்டா முனையில் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். கன்னங்கரேலென்று, எண்ணெய்ப் பிசுக்கோடு, சுட்ட கத்தரிக்காயின் காம்பு மாதிரி இருந்தது.

"காலையில வண்டிய எங்க எடுத்துட்டுப் போனீங்க?"

"மார்க்கெட்டுக்கு. சின்ன வெங்காயம் வாங்க."

"எந்த கியர்ல போனீங்க?"

அவர் வயலுக்கு மேலே பறந்த ஒரு கொக்கை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்.

அரியலூருக்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே பிரிகிற ஓர் ஊரில், மதியத்திலிருந்து ஒரு மாடு கன்று போட முடியாமல் கிடந்தது. தலைச்சன் ஈற்று. பூத்திலிருந்து போன் செய்த செல்லமுத்து, "டாக்டரம்மா, ஒத்தக் காலு மட்டும் வெளிய தெரியுது. சீக்கிரம் வாங்க" என்று சொல்லி, நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார். நாங்கள் இன்னும் பாதித் தூரம்கூடப் போகவில்லை.

இந்த வாரம் அவர் வாரம்

போன வாரம் நான் எழுதிய எருமைக் கதையைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். விசாரித்ததில், "தொடர்ல எருமை வருது, ஆடு வருது, கோழிகூட வருது. நான் எங்க?" என்றார். நியாயம்தான். எனவே இந்த வாரம் முழுக்க அவர்தான்.

நான் கால்நடை மருத்துவர் என்பது தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். அவர் குரும்பலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியர். வீட்டிலும் வெளியிலும் 'வாத்தியார்' என்றால் அவர்தான். குடியிருந்தது பெரம்பலூரில். என் மருந்தகம் அரியலூர் பக்கத்தில். அரியலூர் தனி மாவட்டமாகப் பிரிந்து, எல்லாரும் போர்டு மாற்றி எழுதி முடிப்பதற்குள் திரும்பவும் பெரம்பலூரோடு சேர்ந்துவிட்டதே, அந்தக் காலம். நாங்களும் ஏறக்குறைய அப்படித்தான் குடும்பம் நடத்தினோம். காலையில் பிரச்சினை வந்து பிரிவோம். சாயங்காலம் காப்பிக்குச் சேர்வோம்.

பிரச்சினை பெரும்பாலும் வண்டிதான்.

முதுகுவலி வந்து வண்டியை விட்டுவிட்ட ஒரு தலைமையாசிரியரிடமிருந்து அவர் அதை வாங்கி வந்திருந்தார். பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஊற்ற வேண்டிய டூ ஸ்ட்ரோக் வண்டி. எனக்கும் அதற்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. உதைத்து ஸ்டார்ட் செய்கிற அதே கம்பியை முன்னால் மடக்கினால் அதுவே கியர். இந்த ஒரு விஷயத்தைப் பார்த்துத்தான் வாத்தியார் மனதைப் பறிகொடுத்தார். "ஒரு சொல், இரு பொருள்" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் மடக்கிக் காட்டுவார். 'புரவி' என்று பெயரும் வைத்தார்.

பெயர்தான் புரவி. அவர் ஓட்டினால் பக்கத்தில் நடந்து வருகிறவரோடு ஒரு கல்யாண விஷயத்தைத் தொடங்கி, முகூர்த்தம் வரைக்கும் பேசி முடித்துவிடலாம். மூன்றாவது கியர் என்று ஒன்று இருப்பதையே அவர் வதந்தியாகத்தான் நினைத்தார்.

எனக்கு வண்டி பழக்கிவிட்டது என் தம்பி. உடையார்பாளையத்தில், முந்திரிக் காட்டு மண் பாதையில். நான் முந்திரிச் சருகுக்குள் விழுந்து எழுந்த ஒரு நாளில், "மெதுவாப் போனாத்தான்க்கா விழுவ. வேகமாப் போ, விழ மாட்ட" என்றான். அதை நான் இன்றுவரை சந்தேகித்ததில்லை. சுடிதார் போட்டுக்கொண்டு, பின்னால் மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு நான் அரியலூர் ரோட்டில் போவதைப் பார்க்க ஆரம்பத்தில் டீக்கடையிலிருந்து எழுந்து வந்தார்கள். பிறகு அவர்களுக்கும் வேலை இருந்தது.

வார நாட்களில் வண்டி எனக்கு. சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் அவருக்கு. இதில் என்ன சிக்கல் வரப்போகிறது என்றுதான் நினைத்தோம்.

சேகரின் வைத்தியம்

வண்டி நிற்க ஆரம்பித்தது.

அவர் ஓட்டினாலும் நின்றது, நான் ஓட்டினாலும் நின்றது. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த சேகரிடம் கொண்டுபோனோம். சேகருக்குத் தன் மேல் அபார நம்பிக்கை. வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே நோயைச் சொல்லிவிடுவான்.

முதலில் கார்புரேட்டரில் அழுக்கு என்றான். துடைத்தான். பிறகு இக்னிஷன் காயில் போய்விட்டது என்றான். மாற்றினான். அப்புறம், "முன்னாடி வெச்சிருந்தவரு வண்டிய ஒழுங்கா பாத்துக்கல சார்" என்று முடித்தான். முன்னால் வைத்திருந்தவர் சேகருக்கே பாடம் எடுத்த தலைமையாசிரியர் என்று வாத்தியார் எடுத்துச் சொன்னார்.

"அதான் சொல்றேன் சார். என்னையும் அவரு ஒழுங்கா பாத்துக்கல."

ஒவ்வொரு முறையும் கடைசியில் ஒரு புது ப்ளக் போடுவான். வண்டி ஓடும். அடுத்த வாரம் திரும்ப வருவோம். கழற்றிய ப்ளக்குகளை ஒரு கிரீஸ் டப்பாவில் போட்டு வைத்திருந்தான். ஒருநாள் அவன் டீ குடித்து வருவதற்குள் நான் அந்த டப்பாவைக் கவிழ்த்து எங்கள் ப்ளக்குகளைப் பொறுக்கி வரிசையாக வைத்தேன்.

எனக்கு இது தொழில் பழக்கம். மாட்டுக்கு என்ன செய்கிறது என்று மாட்டைக் கேட்க முடியாது. கீழ் இமையை இழுத்துப் பார்ப்போம், ஈறைப் பார்ப்போம். வெளுத்திருந்தால் ஒன்று, மஞ்சளித்திருந்தால் ஒன்று. ப்ளக்கின் முனையும் எனக்கு ஈறு மாதிரிதான் தெரிந்தது.

சில முனைகள் கரியும் எண்ணெயுமாகக் கறுத்திருந்தன. சில முனைகள் சுட்ட சங்கு மாதிரி வெளுத்து, ஓரம் பொரிந்திருந்தன. ஒரே வண்டி. இரண்டு நிறம்.

"எந்த எந்த நாளு கொண்டுவந்தோம்னு ஞாபகம் இருக்கா?" என்று வாத்தியாரைக் கேட்டேன். அவருக்கு இந்த மாதிரி விஷயமெல்லாம் ஞாபகம் இருக்கும். கறுத்ததெல்லாம் திங்கட்கிழமைக் காலை. வெளுத்ததெல்லாம் வாரக் கடைசி.

சேகர் வந்து பார்த்துவிட்டு, "வண்டிக்கு ரெண்டு சீக்கு டாக்டர்" என்றான்.

"வண்டிக்கு ஒரு சீக்கும் இல்ல சேகர். ஓட்டுறவங்க ரெண்டு பேரு" என்றேன்.

சேகர் என்னைப் பார்த்தான். வாத்தியாரைப் பார்த்தான். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டான். நெற்றி முழுக்க கிரீஸ்.

சூடும் குளிர்ச்சியும்

ப்ளக்கில் இரண்டு வகை உண்டு என்பதைச் சேகர் அன்றைக்குத்தான் வாய் திறந்து சொன்னான். பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஒன்று சூட்டைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். மெதுவாக ஓட்டினால் முனையில் கரி படியும் இல்லையா, அந்தக் கரியைத் தன் சூட்டாலேயே எரித்துவிடும். அது சூட்டு ப்ளக். இன்னொன்று சூட்டை உடனே இன்ஜினுக்குக் கடத்திவிடும். வேகமாக, நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களுக்கு அது. குளிர் ப்ளக்.

மாற்றிப் போட்டால்தான் வம்பு. குளிர் ப்ளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தால் கரி பிடித்து வண்டி நின்றுபோகும். சூட்டு ப்ளக்கைப் போட்டுக்கொண்டு விரட்டினால் முனை கங்கு மாதிரி பழுத்து, பெட்ரோல் வேளைகெட்ட வேளையில் தீப்பிடிக்கும்.

"அப்புறம்?" என்றார் வாத்தியார்.

"அப்புறம் என்ன சார், பிஸ்டன்ல ஓட்டைதான்."

சேகர் கையில் எது கிடைத்ததோ அதைத்தான் அதுவரை போட்டிருக்கிறான். சூட்டு ப்ளக் மாட்டிய வாரமெல்லாம் என் காலடியில் கூழாங்கல்லைக் கொட்டிக் குலுக்குகிற மாதிரி இன்ஜின் கடகடத்தது. குளிர் ப்ளக் மாட்டிய வாரமெல்லாம் வாத்தியார் கடைவீதியில் நின்றார். ஒருமுறை அவருடைய பத்தாம் வகுப்பு மாணவர்கள் பார்த்துவிட்டு, "சார், தள்ளவா சார்?" என்று ஓடி வந்து, வீடு வரைக்கும் ஊர்வலம் மாதிரி தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

சூட்டு ப்ளக்கா, குளிர் ப்ளக்கா என்று வீட்டில் பெரிய வழக்கு நடந்தது.

"நீ கொஞ்சம் மெதுவாப் போனா என்ன?"

"மாடு காத்திருக்குங்க. நீங்க கொஞ்சம் வேகமாப் போனா என்ன?"

"வெங்காயம் எங்க ஓடப்போவுது?"

இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருந்ததுதான் கஷ்டம். கடைசியில் ஒப்பந்தம் போட்டோம். இரண்டு ப்ளக்கையும் வைத்துக்கொள்வது. யார் வண்டியை எடுக்கிறார்களோ அவர்கள் தங்கள் ப்ளக்கை மாட்டிக்கொள்ள வேண்டும். மற்றது டூல் பாக்ஸில் தூங்கும். வாத்தியார் தமிழாசிரியர் அல்லவா, 'வெப்பச் செருகி, தண்செருகி' என்று பெயர் வைத்துப் பார்த்தார். நிற்கவில்லை. 'வாத்தியார் ப்ளக், டாக்டர் ப்ளக்' என்பதுதான் நிலைத்தது.

ஒப்பந்தம் நன்றாகவே நடந்தது. சாயங்காலம் நான் வந்து இறங்கியதும் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்பேனரோடு உட்கார்ந்துவிடுவார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வண்டிக்கு தினமும் ஏதோ வைத்தியம் நடக்கிறது என்று நினைத்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், "பக்கத்து மார்க்கெட்டுதானே" என்று ப்ளக்கை மாற்றாமல் போயிருக்கிறார். போனவர் வெங்காயம் மட்டும் வாங்கவில்லை. முதல் கியரில் ஊரையே ஒரு சுற்றுச் சுற்றி, வழியில் கண்டவரோடெல்லாம் வண்டியை அணைக்காமல் நின்று பேசிவிட்டு வந்திருக்கிறார். என் குளிர் ப்ளக்கில் கரி ஏறிவிட்டது.

மக்காச்சோளத்தின் நடுவே

ஆக, ரோட்டோரத்தில் நான். கையில் கறுத்த ப்ளக்.

துடைத்து, பெட்ரோலில் நனைத்து, ஒரு கல்லில் முனையைத் தேய்த்துச் சுரண்டினேன். கொஞ்சம் வெளுத்தது. அவசரம். கையெல்லாம் எண்ணெய். மாட்டப் போகும்போது வழுக்கி, அதே கல்லின் மேல் விழுந்தது. வெள்ளைப் பீங்கான் இரண்டாகப் பிளந்துகொண்டது.

ஒரு லாரி வந்து எங்களை வெள்ளையடித்துவிட்டுப் போனது.

டூல் பாக்ஸில் வாத்தியார் ப்ளக் இருந்தது. அதை மாட்டினேன். ஒரே உதை, வண்டி எடுத்துக்கொண்டது. சூட்டு ப்ளக்குக்கு அந்த ஒரு குணம் உண்டு.

"ஏறுங்க" என்றேன். "உங்கள மாதிரியே ஓட்டுறேன். வண்டிக்கு ஒண்ணும் ஆகாது."

ஏறி உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் அப்படியே போனோம். ஒற்றைக் கால் வெளியே தெரிகிறதென்றால் இன்னொரு கால் உள்ளே மடங்கியிருக்கிறது என்று அர்த்தம். நேரமாக ஆகக் கன்று மூச்சுத் திணறும். மாடு முக்கி முக்கிச் சோர்ந்துவிடும். அதன் பிறகு நான் போய் என்ன செய்வது?

பின்னாலிருந்து குரல் வந்தது.

"மல்லிகா, இப்படிப் போனா எப்பப் போய்ச் சேருவோம்?"

"நீங்க போற வேகம்தாங்க இது."

ஞாயிற்றுக்கிழமைதோறும் பழைய பனியனால் அந்த வண்டியின் ஒவ்வொரு கம்பியையும் துடைக்கிறவர் அவர். மழை வந்தால் குடையை வண்டிக்குப் பிடித்துவிட்டுத் தான் நனைகிறவர்.

"விரட்டு" என்றார்.

"பிஸ்டன் போயிரும்ங்க."

"போனா போவுது. மாடு போச்சுன்னா அந்த மனுசன் என்ன பண்ணுவான்? விரட்டு நீ."

விரட்டினேன்.

மூன்றாவது கியர், நான்காவது கியர். ஹேண்டில்பாரில் தொங்கிய வாளி டொக்டொக்கென்று ஆடியது. முதலில் என் தோளைப் பிடித்திருந்தார். பிறகு என் துப்பட்டாவையும் சேர்த்துப் பிடித்தார். கழுத்து இறுகியது. "கழுத்த விடுங்க!" என்று கத்தினேன். காற்றில் அவருக்குக் கேட்கவில்லை. இன்ஜின் கடகடக்க ஆரம்பித்தது. கூழாங்கல் சத்தம். நான் நிறுத்தவில்லை. உள்ளே பிரிகிற மண் ரோட்டில் திரும்பி, கருவேல மரங்களைத் தாண்டி, செல்லமுத்துவின் கொட்டகை கண்ணுக்குத் தெரிந்தபோது வண்டியின் அடிவயிற்றிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். புரவி புகை விட்டது. உருண்டு உருண்டு நின்றது.

இறங்கி ஓடினோம். வாளியைத் தூக்கிக்கொண்டு அவர் எனக்கு முன்னால் ஓடினார்.

இழுங்க, நிறுத்துங்க

மாடு படுத்திருந்தது. செல்லமுத்துவின் மனைவி அஞ்சலை அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "வந்துட்டாங்கடி, டாக்டரம்மா வந்துட்டாங்கடி" என்று கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

கையை சோப்பு போட்டுக் கழுவி, உள்ளே விட்டுப் பார்த்தேன். கன்றின் வாய்க்குள் விரல் வைத்தேன். மெல்ல உறிஞ்சியது. உயிர் இருந்தது. நினைத்தபடியே ஒரு முன்னங்கால் முட்டியில் மடங்கிக் கிடந்தது. கன்றைப் பின்னுக்குத் தள்ளி, குளம்பை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, காலை நேராக்கி வெளியே கொண்டுவருவதற்குள் என் தோள்பட்டை கழன்றுவிடும்போல் ஆனது. இரண்டு காலிலும் கயிற்றை மாட்டினேன்.

இனி இழுக்க ஆள் வேண்டும். செல்லமுத்துவிடம் கயிற்றைக் கொடுத்தேன். பாவம், மனிதர் பயத்தில் கிணற்று வாளி இழுப்பதுபோல வெடுக்கென்று இழுத்தார். மாடு அலறியது.

"ஐயோ, அப்படி இழுக்காதீங்க. காலு ஒடிஞ்சிரும். என்னங்க, நீங்க வாங்க."

வாத்தியாருக்கு ரத்தம் ஆகாது. நான் கோழி வெட்டினாலே தெருவுக்குப் போய்விடுகிறவர். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. ஆனாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து கயிற்றைப் பிடித்தார். மாட்டைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு, "எப்ப இழுக்கணும்?" என்றார்.

"அது முக்கும்போது இழுங்க. விட்டா நிறுத்துங்க. அவசரமே வேணாம்."

அவசரமே வேண்டாம் என்று இந்த உலகத்தில் ஒருவரிடம் சொல்லத் தேவையில்லை என்றால் அது அவர்தான். இழுத்தார், நிறுத்தினார். இழுத்தார், நிறுத்தினார். வெடுக்கென்று ஓர் இழுப்பு இல்லை. மாடு மூச்சு வாங்கும்போது அவரும் மூச்சு வாங்கினார். நான் எத்தனையோ பேரைக் கயிறு பிடிக்க வைத்திருக்கிறேன். அப்படி ஒரு கை எனக்கு அதற்கு முன்னால் வாய்த்ததில்லை.

மூக்கு வந்தது, நெற்றி வந்தது, பிறகு மொத்தமாக வழுக்கிக்கொண்டு வைக்கோலின் மேல் விழுந்தது. அசையவில்லை. மூக்கிலும் வாயிலும் இருந்த கோழையை வழித்து எறிந்தேன். நெஞ்சைத் தேய்த்தேன். ஒரு வைக்கோல் தாளை எடுத்து மூக்குத் துவாரத்தில் விட்டுக் குடைந்தேன். அஞ்சலை கண்ணை மூடிக்கொண்டாள்.

கன்று தும்மியது. காதை ஆட்டியது.

"கிடேரி" என்றேன். பெண் கன்று.

செல்லமுத்து சிரிக்கவும் தெரியாமல் அழவும் தெரியாமல் நின்றார். தாய் மாடு தலையைத் திருப்பி நக்க ஆரம்பித்தது. திரும்பிப் பார்த்தால் வாத்தியாரைக் காணோம். கொட்டகைக்கு வெளியே வேப்பமரத்தடியில், கயிற்றின் ஒரு முனையை இன்னும் விடாமல் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"கன்னு எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லாருக்கு. உங்களுக்கு எப்படி இருக்கு?"

"கொஞ்சம் தண்ணி குடு."

செல்லமுத்து ஒரு டிராக்டர் பிடித்து வந்தார். புரவியை டிரெய்லரில் படுக்க வைத்து, நாங்கள் இருவரும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, பெரம்பலூர் வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் வண்டியின் டேங்க் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டே வந்தார். ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை.

சேகரின் உத்தரவு

பிஸ்டனில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. சேகர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அதன் வழியாக எங்களைப் பார்த்தான். புது பிஸ்டன் தேடிப் பிடித்து, சிலிண்டரைக் கடைந்து, வண்டியைத் திரும்பக் கையில் கொடுக்கும்போது ஒரு நிபந்தனை போட்டான்.

"புது பிஸ்டன். கொஞ்ச மாசத்துக்கு விரட்டவே கூடாது. சார் ஓட்டுற மாதிரிதான் நீங்களும் ஓட்டணும் டாக்டர். அதனால சூட்டு ப்ளக்கே போட்டுட்டேன். எனக்குத் தெரியாம வேகமாப் போனீங்க, பட்டறைப் பக்கம் வரக்கூடாது."

நான் தலையாட்டினேன். வேறு வழி? தினமும் காலையில் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பினேன். டீக்கடைக்காரர்கள் மறுபடி எழுந்து வந்து பார்த்தார்கள், எனக்கு உடம்புக்கு ஏதோ என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, குரும்பலூரில் ஒரு காதுகுத்துக்கு இருவரும் போனோம். நான் ஓட்டினேன். அவர் பின்னால். சேகர் சொன்ன வேகத்தில், ரோட்டை ஒட்டியே உருட்டிக்கொண்டு போனேன். பின்னால் ஒரு மொபெட் ஹாரன் அடித்தது. மூட்டை மூட்டையாக வெங்காயத்தைக் கட்டிக்கொண்டு, அது போதாதென்று ஒரு ஆட்டுக்குட்டியையும் மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் எங்களைத் தாண்டிப் போனார். போகிற போக்கில் ஆட்டுக்குட்டி எங்களைத் திரும்பிப் பார்த்தது.

வாத்தியார் என் தோளைத் தட்டினார்.

"மல்லிகா, அவர முந்த முடியாதா?"

கேட்டது அவர்தானா என்று திரும்பியே பார்த்துவிட்டேன். மனிதர் சீட்டில் முன்னால் நகர்ந்து, துண்டை இழுத்துத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"சேகர் திட்டுவான்ங்க" என்றேன்.

"சேகரு எங்க இங்க இருக்கான்?" என்றார் வாத்தியார்.